ஏதென்ஸின் பானை ஓடும் மேலவளவின் வாக்குப்பெட்டியும்

(கொட்டாம்பட்டியில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கிரேக்க நாகரிகத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும் பற்றிப் பேசச் சொன்னார்கள். கூட்டத்துக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நோட்டீஸைப் படித்த பெரியவர் ஒருவர், "ஏம்ப்பா, கொட்டாம்பட்டியில உக்காந்து கிரேக்கத்தப் பேசி என்ன ஆகப்போகுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவரும் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பேச்சை அவருக்கான பதிலாகவே வைத்துக்கொள்கிறேன்.

நமக்கு இப்போது கீழடி என்றால் உற்சாகம். எனக்கும்தான். கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே வைகைக்கரையில் நகரம், செங்கல் கட்டடம், பானை ஓட்டில் கீறிய பெயர்கள். ஏறத்தாழ அதே காலத்தில், கி.மு. 508இல், ஏதென்ஸில் கிளைஸ்தனிஸ் என்பவர் கொண்டுவந்த மாற்றங்களிலிருந்துதான் மக்களாட்சி தொடங்கியது என்கிறார்கள். அங்கேயும் பானை ஓட்டில் பெயர் கீறினார்கள், ஆனால் வேறு காரியத்துக்கு. ஊருக்கு ஆபத்தானவன் என்று நினைக்கும் தலைவனின் பெயரை ஓட்டில் எழுதிப் போடுவார்கள். 6,000 ஓடுகளாவது விழுந்தால், அதிகம் பெயர் வந்தவன் பத்து ஆண்டுகள் ஊரைவிட்டுப் போக வேண்டும். ஒரு கிணற்றுக்குள் தெமிஸ்டோக்ளிஸ் பெயர் எழுதிய 190 ஓடுகள் மொத்தமாகக் கிடைத்தன. எழுத்தை வைத்துப் பார்த்தால், எழுதியவர்கள் 14 பேர்தான்! முன்கூட்டியே எழுதி, விநியோகிக்கத் தயாராக வைத்திருக்கிறார்கள். இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, யார் ஓடு போட்டார்கள்? பெண்கள் போட முடியாது. அடிமைகள் போட முடியாது. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள், மூன்று தலைமுறை அங்கேயே வாழ்ந்திருந்தாலும், போட முடியாது. கி.மு. 451இல் பெரிக்ளிஸ் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார். தாயும் தந்தையும் இருவருமே ஏதென்ஸ் குடிமக்களாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். பிறப்பை வைத்து வேலி. எந்த ஊரில் பார்த்த வேலி இது என்று உங்களுக்கே தெரியும். நம் உத்திரமேரூர் குடவோலையைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களும் கொஞ்சம் கல்வெட்டைப் படிக்க வேண்டும். நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பார்ப்பனர் சபைக்கு நடந்த தேர்தல் அது.

இனி வீழ்ச்சி. கொள்ளைநோய், ஸ்பார்ட்டாவோடு 27 ஆண்டுப் போர், பிறகு மாசிடோனியா, கடைசியில் ரோம் என்று பாடப்புத்தகம் வரிசையாகச் சொல்லும். எல்லாம் உண்மைதான். ஆனால் தூசிடிடீஸ் எழுதிய போர் வரலாற்றில் ஓரமாக ஒரு செய்தி வருகிறது. கி.மு. 413இல் ஸ்பார்ட்டா படை ஏதென்ஸுக்கு அருகே தெகெலியாவில் கோட்டை கட்டியதும், 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸைவிட்டு ஓடிவிட்டார்கள். பெரும்பாலும் கைவினைஞர்கள். ஏதென்ஸின் கப்பற்படைக்குப் பணம் கொடுத்தது லாரியன் வெள்ளிச் சுரங்கம். அதைத் தோண்டியவர்கள் அடிமைகள். சுரங்க வருமானம் போனது. கி.மு. 404இல் ஏதென்ஸ் சரணடைந்தது. "உன் ஊரைக் காப்பாற்று" என்று அந்த அடிமைகளிடம் யார் சொல்ல முடியும்? அது அவர்கள் ஊரே இல்லையே.

வென்ற ஸ்பார்ட்டாவின் கதை இன்னும் மோசம். அங்கே உழுதவர்கள் ஹெலட்டுகள். ஒவ்வோர் ஆண்டும் அதிகாரிகள் பதவியேற்றவுடன் ஹெலட்டுகள் மீது முறையாகப் போர் அறிவிப்பார்கள். எதற்குத் தெரியுமா? கொன்றால் தீட்டு ஒட்டக்கூடாது என்பதற்கு! இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒருமுறை, போரில் எங்களுக்காகத் துணிந்து நின்றவர்கள் முன்னால் வாருங்கள், விடுதலை தருகிறோம் என்றார்கள். சுமார் 2,000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் தலையில் மாலை சூடிக் கோயில்களைச் சுற்றி வந்தார்கள். பிறகு அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று யாருக்குமே தெரியவில்லை. துணிந்து முன்னால் வருகிறவன்தான் நாளைக்கு எதிர்ப்பான் என்பது கணக்கு.

பெரியவரே, இந்த இடத்தில்தான் நம் ஊருக்கு வருகிறேன்.

நம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் மேலவளவு இருக்கிறது. 1996இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலால் அக்டோபரில் தேர்தலே நடக்கவில்லை. டிசம்பரில் வாக்குச்சாவடிக்குள் புகுந்து பெட்டியைத் தூக்கினார்கள். போலீஸ் பாதுகாப்போடு மறுபடி நடத்தியபோது முருகேசன் வென்றார். ஊராட்சி அலுவலகத்துக்குள் அவரை உட்கார விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு ஊர் திரும்பும்போது, பட்டப்பகலில், பேருந்தை மறித்து அவரையும் உடன் ஐந்து பேரையும் ஆதிக்கச் சாதியினர் வெட்டிக் கொன்றார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் 13 பேர் 2019இல் முன்கூட்டியே விடுதலையாகி வெளியே வந்துவிட்டார்கள்.

முருகேசனும் முன்னால் வந்து நின்றவர்தான். வேறுபாடு ஒன்று உண்டு. ஹெலட்டுக்கு வாக்கு இல்லை, சட்டம் இல்லை. முருகேசனுக்கு இரண்டும் இருந்தன, அம்பேத்கர் எழுதித் தந்தவை. இருந்தும் கொன்றார்கள்.

ஸ்பார்ட்டா என்ன ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறப்பு, சொத்து என்று வடிகட்டி வடிகட்டி, குடிமக்கள் ஆயிரம் பேர்கூட இல்லாமல் போனார்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். சில மனிதர்கள் இயல்பிலேயே அடிமைகள் என்று சொன்ன அதே அரிஸ்டாட்டில்தான். கி.மு. 371இல் லியூக்ட்ராவில் தோற்ற ஒரே தோல்வியிலிருந்து அவர்களால் எழ முடியவில்லை. இரண்டு ஆண்டுகளில் மெசேனியா ஹெலட்டுகள் விடுதலையாகித் தங்களுக்கென்று ஒரு நகரம் கட்டிக்கொண்டார்கள். அதற்குச் சுற்றுமதிலும் எழுப்பினார்கள். ஸ்பார்ட்டாவில் இன்று பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. மெசேனின் மதில் இன்னும் நிற்கிறது.

அதனால், கீழடியில் அடுத்த குழி தோண்டும்போது எத்தனை ஆண்டுப் பழமை என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் செங்கலைச் சுட்டவர் அந்தத் தெருவில் குடியிருக்க முடிந்ததா என்றும் கேளுங்கள். எனக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை. உங்களில் யாராவது தொல்லியல் படிக்கப் போனால் தேடிப் பாருங்கள்.

பெரியவர் கை தூக்குகிறார். பேசுங்கள் ஐயா.