மீட்டர் பேசினாலும் கொப்பியை விடாதீர்கள்

(லிந்துலையில் தோட்டக் குடும்பங்களுக்காக நடந்த மாலைக் கூட்டத்தில், மின்சார வேலை செய்யும் ஒருவர் ஆற்றிய உரை)



நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டுக் களைப்போடு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நானும் லயத்தில் வளர்ந்தவன்தான். ஒரு வருஷம் அடைமழை. மீட்டர் பார்க்கிறவர் மூன்று மாதம் எங்கள் லயத்துக்கு ஏறி வரவில்லை. உத்தேசமாகப் பில் போட்டார்கள். நாலாம் மாதம் வந்த பில்லைப் பார்த்து அப்பா தலையில் கை வைத்துவிட்டார். நல்லவேளை, அம்மா மாதாமாதம் மீட்டர் இலக்கத்தைக் கலண்டரில் குறித்து வைத்திருந்தார். அதைக் காட்டிய பிறகுதான் கணக்கைப் பிரித்துத் திருத்தினார்கள்.

இன்றைய கணக்கைப் பாருங்கள். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால், முதல் யூனிட்டிலிருந்தே கூடிய விலை. ஒரு வீட்டில் மாதம் 55 யூனிட் செலவாகிறது என்று வையுங்கள். மூன்று மாதம் 40 என்று உத்தேசமாகப் போட்டால் 45 யூனிட் விடுபடும். அது நாலாம் மாதத்து 55 உடன் சேர்ந்து 100 ஆகிவிடும். ஒருநாளும் 60ஐத் தாண்டாத குடும்பம் தாண்டிய கணக்கில் விழும்.

இதைத் தவிர்க்கத்தான், இலக்கத்தைத் தானே அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் வந்திருக்கிறது. இத்தாலியில் 2001 முதல் சில வருடங்களில் சுமார் 3 கோடி மீட்டர்களைப் பொருத்தினார்கள். இந்தியா 2021இல் தொடங்கிய திட்டத்தின் இலக்கு 25 கோடி. நம் நாட்டில் கொழும்பை அண்டிய பகுதிகளில் லெக்கோ நிறுவனம் பொருத்தியிருக்கிறது.

அது பேசும் வழி மூன்று. ஒன்று, கைத்தொலைபேசி போல சிம் அட்டை. இரண்டு, மின்கம்பி வழியாகவே செய்தி அனுப்புவது. மூன்று, வானொலி அலை. காம்பரா காம்பராவாகச் செய்தி சொல்லி அனுப்புவோமே, அதுபோல ஒரு மீட்டர் பக்கத்து மீட்டருக்குச் சொல்ல, கடைசியில் கம்பத்துப் பெட்டிக்குப் போய்ச் சேரும். நம் பள்ளத்துக்குள் சில லயங்களில் போனுக்கே சிக்னல் இல்லை. அங்கே சிம் மீட்டரும் பேசாது. வெளியே அன்டெனா வேண்டும், அல்லது மற்ற வழி வேண்டும்.

பொருத்த வருபவர் மீட்டருக்குள் வலையமைப்பின் பெயர், அலுவலகக் கணினியின் முகவரி, இரகசியச் சொல் இவற்றைப் பதிவார். மணியையும் தேதியையும் சரிசெய்வார். பிறகு ஒரு இலக்கத்தை அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பார். அது அவர் வேலை. மீட்டரின் சீலை நாம் தொடவே கூடாது.

நம் வேலை நான்கு.

1. பழைய மீட்டரைக் கழற்றுமுன் கடைசி இலக்கத்தை எழுதி, வந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். படிப்பு இல்லாதவர்கள் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், வெட்கம் வேண்டாம்.

2. புதிய மீட்டரின் தொடர் இலக்கம் உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

3. லயத்தில் மீட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வயர் மாறினால் அடுத்த வீட்டுக் கரண்டுக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள். வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டுவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உடனே சொல்லுங்கள்.

4. இந்த வகை மீட்டர்கள் பலவற்றில் 1.8.0 என்று காட்டும் இடத்தில்தான் மொத்த யூனிட் தெரியும். மாதம் ஒரு நாள் அதைக் கொப்பியில் எழுதி, பில்லோடு ஒத்துப் பாருங்கள்.

இந்த மீட்டர் வீட்டுப் பேச்சைக் கேட்காது, அனுப்புவது மின்சாரக் கணக்கை மட்டும்தான். ஆனால் சிக்னல் நின்றால் மறுபடியும் உத்தேச பில் வரலாம். அன்றைக்கு உங்களுக்குச் சாட்சி அந்தக் கொப்பிதான். அம்மாவின் கலண்டர் எங்களுக்கு உதவியது போல, அது உங்களுக்கு உதவும்.