கனடாவிற் சுயதொழில்: வரி பற்றிச் சில வார்த்தைகள்

(நூற்றாண்டு விழா வாரத்தில், கல்லூரி மண்டபத்தில் ரொறொன்ரோக் கிளையினர் ஆற்றிய உரை)



கடல் கடந்த கிளையிலிருந்து வந்தவர்கள் ஒரு பாட்டோ, பழைய நினைவோ தருவார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நாங்கள் வரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்கிறீர்கள். எங்கள் கிளைக் கூட்டங்களிலும் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் சிரிப்புத்தான். தேநீர் வேளையில் ஒவ்வொருவராக வந்து, "எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கு, என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ" என்பார்கள்.

இங்கே இருப்பவர்களிற் சிலர் அடுத்த வருடம் கனடாவில் இருப்பீர்கள். சிலருடைய மகள்மார் போகக் காத்திருக்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் தொழிற்சாலையிலோ கடையிலோ ஒரு வேலை கிடைக்கும். பிள்ளைகள் சிறிதாக இருந்தால் அதுவும் சரிவராது. பிறகு வீட்டில் இருந்தபடியே ஏதோ ஒன்று தொடங்கும். சட்டை தைத்தல், சங்கீத வகுப்பு, பிள்ளை பராமரிப்பு, பிறந்தநாளுக்கு ரோல்ஸும் வடையும். தொடங்கும்போது அதை ஒருவரும் தொழில் என்று சொல்வதில்லை. "சும்மா, கைச்செலவுக்கு" என்போம். கனடாச் சட்டத்தில் "சும்மா" என்று ஒரு வகை இல்லை. இலாபம் கருதிச் செய்தால் முதல் டொலரிலிருந்தே அது தொழில் வருமானம்.

எங்களோடு படித்த ஒருத்தியின் கதையைச் சொல்ல அவளே அனுமதி தந்திருக்கிறாள். ஸ்காபரோவில் ஒரு வீட்டுச் சமையலறையில் தொடங்கினாள். கைராசிக்காரி. இரண்டே வருடத்திற் கலியாண வீடு, பூப்புனித நீராட்டு விழா எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கேட்பார்கள். கனடாவில் தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி. எனப்படும் விற்பனை வரிக்குப் பதிய வேண்டும் என்பதை அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஆனால் இறைச்சி, எண்ணெய், மா எல்லாம் போக மிஞ்சுவதுதான் கணக்கு என்று நினைத்துவிட்டாள். கணக்கு மிஞ்சுவதில் இல்லை, விற்றதில். ஜனவரி முதல் டிசம்பர் வரை என்றும் இல்லை, எந்த நான்கு காலாண்டு அடுத்தடுத்து வந்தாலும் சரி. ஒரே காலாண்டிலேயே தாண்டிவிட்டால், தாண்டச் செய்த அந்த விற்பனையிலிருந்தே வரி அறவிட வேண்டும்.

ஒன்ராறியோவில் அந்த வரி 13 வீதம். 40,000 டொலர் விற்பனைக்கு 5,200 டொலர். வாடிக்கையாளரிடம் அன்றைக்கே கேட்டிருந்தால் முகம் சுழிக்காமல் தந்திருப்பார்கள். இரண்டு வருடம் கழிந்து, கலியாணம் முடிந்த மாப்பிள்ளை பொம்பிளையிடம் போய் எப்படிக் கேட்பது? தன் கையிலிருந்துதான் கட்டினாள், வட்டியோடு. தாலிக்கொடி அடகுக்குப் போனது. முதலே பதிந்திருந்தால், வாங்கிய அடுப்புக்கும் குளிரூட்டிக்கும் தான் கட்டிய வரியைக்கூடத் திருப்பிப் பெற்றிருக்கலாம். எல்லாத் தொழிலுக்கும் இந்த வரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சங்கீத வகுப்பும் சிறுபிள்ளைகளின் பகற்பராமரிப்பும் பொதுவாக விலக்கு. சமைத்துக் கொடுக்கும் விருந்துச் சாப்பாட்டுக்கு அப்படி இல்லை.

இனிப் புறப்படுமுன் செய்ய வேண்டியது. இதை யாரும் சொல்வதில்லை என்பதால் சற்று நின்று சொல்கிறோம்.

கனடாவில் வதிவிடம் ஏற்படும் நாளிலிருந்து உங்கள் உலக வருமானம் முழுவதையும் அங்கே காட்ட வேண்டும். யாழ்ப்பாணத்து வீட்டு வாடகை, வங்கி வைப்பு வட்டி எல்லாம் அதில் அடங்கும். குடும்பத்தோடு போய் வீடெடுத்து இருப்பவர்களுக்கு அந்த நாள் பெரும்பாலும் போய் இறங்கிய நாள்தான். அதே நாளில் இன்னொன்றும் நடக்கிறது. இங்கே உங்கள் பேரில் உள்ள காணியை அன்றைய சந்தைப் பெறுமதிக்கு வாங்கியதாகவே கனடாச் சட்டம் எடுத்துக்கொள்ளும். சீதனமாக வந்த நாலு பரப்புக் காணியை நினைத்துப் பாருங்கள். உறுதியில் அந்தக் காலத்து விலைதான் எழுதியிருக்கும். பத்து வருடம் கழித்து விற்றால், கனடாவில் வரிக்கு வருவது நீங்கள் இறங்கிய நாளுக்குப் பின் ஏறிய பெறுமதி மட்டுமே. அதிலும் பாதிதான் வருமானத்தோடு சேரும். ஆனால் அந்த நாளில் பெறுமதி என்ன என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். ஆகையால் பயணத்துக்கு முன் ஒரு மதிப்பீட்டாளரிடம் திகதியிட்ட கடிதம் வாங்கி வையுங்கள். எங்களில் மூன்று பேர் அதை வாங்காமற் போனோம். பத்து வருடத்துக்கு முந்திய விலையை இப்போது தேடி அலைகிறோம்.

வாடகைக்கு விட்ட வீடு, காணி, வைப்புப் பணம் எல்லாம் சேர்ந்து 100,000 கனடிய டொலருக்கு மேல் அடக்கவிலை என்றால், வருடா வருடம் தனிப் படிவம் ஒன்றும் உண்டு. போய்ச் சேர்ந்த முதல் வருடத்துக்கு அது தேவையில்லை. நீங்கள் வந்து தங்குவதற்கென்றே வைத்திருக்கும் வீடு அதிற் சேராது. பிந்தினால் நாளொன்றுக்கு 25 டொலர், 2,500 வரை தண்டம்.

இங்கே கட்டிய வரி வீணாகுமா என்று பலர் கேட்கிறார்கள். இலங்கைக்கும் கனடாவுக்கும் இடையில் 1982இல் இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கை செய்யப்பட்டது. இங்கே கட்டியதை அங்கே கழிக்கலாம், பற்றுச்சீட்டு இருந்தால். 2025 ஏப்ரல் முதல் வங்கிகள் வைப்பு வட்டியிற் 10 வீதம் பிடிக்கின்றன. அந்தச் சான்றிதழை ஒவ்வொரு வருடமும் வங்கியிற் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லி இங்குள்ள உறவினர் ஒருவரிடம் பொறுப்புக் கொடுங்கள். இலங்கையின் வரி ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை, கனடாவினது ஜனவரி முதல் டிசம்பர் வரை. இந்த இரண்டையும் பொருத்துவதிற்றான் கணக்காளர்களுக்கே தலையிடி.

எங்களுக்கு மனம் நோவது அடுத்த விடயத்திற்றான். எங்கள் மூத்த அக்காமாரிற் சிலர் இருபது வருடம் தைத்தார்கள், சமைத்தார்கள். காசு கையோடு வந்தது, கையோடு போனது. இல்லாவிட்டால் கணவரின் கணக்கிற் சேர்ந்தது. அறுபத்தைந்து வயதில் கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு விண்ணப்பித்தபோது, அவர்கள் பெயரில் இருந்தது தொழிற்சாலையில் உழைத்த முதல் மூன்று வருடம் மட்டும். இருபது வருட உழைப்புக்கு ஒரு வரிகூட இல்லை.

சுயதொழில் செய்பவர் அந்தத் திட்டத்துக்குத் தொழிலாளி பங்கும் முதலாளி பங்கும் தானே கட்ட வேண்டும். 3,500 டொலருக்கு மேற்பட்ட நிகர வருமானத்தில் 11.9 வீதம், ஆண்டுக்குரிய உச்சம் வரை. 20,000 டொலர் மிஞ்சினால் ஏறத்தாழ 1,960 டொலர். வருமான வரி சொற்பமாக இருந்தாலும் இது வரும். முதற்தடவை பார்க்கும்போது வயிறு எரியும். எங்களுக்கும் எரிந்தது. ஆனாற் கட்டிய ஒவ்வொரு வருடமும் உங்கள் பெயரில் பதிவாகிறது. வீட்டுக் கடன் கேட்டுப் போனாலும் வங்கி கேட்பது அந்த வரிப் பத்திரங்களைத்தான். பிள்ளைகளுக்கான கொடுப்பனவு தொடர்வதற்கும் கணவன், மனைவி இருவருமே ஒவ்வொரு வருடமும் பத்திரம் கொடுக்க வேண்டும், வருமானம் இல்லாவிட்டாலும். மகப்பேற்றுக் கால உதவி வேண்டுமென்றால் தொழிற் காப்புறுதியில் விரும்பிச் சேரலாம். சேர்ந்து பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதால் முன்கூட்டியே யோசியுங்கள்.

திகதி இரண்டு. சுயதொழிலாளர் பத்திரம் கொடுக்க யூன் 15 வரை தவணை உண்டு. காசு கட்ட ஏப்ரல் 30. அரைவாசிப் பேர் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு மே முதலாம் திகதியிலிருந்து வட்டி கட்டுகிறார்கள். வருகிற காசில் நாலில் ஒரு பங்கைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, அது உங்களுடையதல்ல என்று மறந்துவிடுங்கள். பற்றுச்சீட்டுகளை ஆறு வருடம் வைத்திருங்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தைச் செலவாகக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்காளர் பிழை விட்டாலும் கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும். வீதங்களும் எல்லைகளும் மாறுபவை, போகும் வருடத்தில் மறுபடி பாருங்கள்.

மாலை நாலு மணிவரை மனையியல் அறையில் இருப்போம். உறுதி, வங்கிப் புத்தகம், வந்த கடிதம் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். மதிப்பீட்டுக் கடிதத்தின் மாதிரி ஒன்றும் கொண்டு வந்திருக்கிறோம், பிரதி எடுத்துக்கொள்ளலாம். ரோல்ஸ் செய்பவளும் வந்திருக்கிறாள். இன்றைய தேநீருக்கு அவள்தான் பொறுப்பு. அதற்கு வரி இல்லை.