தொட்ட கரம்

குஷ்டரோகி ஒருவன் இயேசுவின் முன் முழந்தாளிட்ட நிகழ்ச்சியை மாற்கு தமது நற்செய்தியின் முதலாம் அதிகாரத்திலேயே எழுதியுள்ளார். அதில் நான் எப்போதும் கவனிப்பது ஓர் ஒழுங்கை. இயேசு அவனைக் குணமாக்கிவிட்டுத் தொடவில்லை. தொட்ட பின்பே குணமாக்கினார். இத்தகைய நோயாளி பாளயத்துக்கு வெளியே தனித்திருக்க வேண்டுமென்பது மோசேயின் சட்டம். சட்டம் தள்ளிவைத்தவனை அவரது கரம் தொட்டது. அதிகாரத்தின் முடிவையும் பாருங்கள். குணமானவன் செய்தியை எங்கும் பரப்பிவிட, இயேசு பட்டணத்துக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் வெளியே தனிமையான இடங்களில் தங்க நேரிட்டது. வெளியே நின்றவன் உள்ளே வந்தான். உள்ளே இருந்தவர் வெளியே போனார். இரக்கம் என்பது இந்த இடமாற்றந்தான் என்று நான் எண்ணுகிறேன்.

இதனை வாழ்ந்து காட்டியவர் தமியான் அடிகளார். 1840 இல் பெல்ஜியத்தில் பிறந்து, 1864 இல் ஹவாய்த் தீவுகளுக்கு வந்து அங்கே குருவானவர். 1865 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹவாய் அரசு தொழுநோயாளரைப் பிரித்தெடுத்து மொலோக்காய்த் தீவின் ஒரு மூலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒருபுறம் செங்குத்தான மலை, மற்றப் புறங்களில் கடல். 1873 இல் அடிகளார் அங்கே போனார். புண்களுக்கு மருந்திட்டார், வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழியும் தோண்டினார். அவர்களோடு ஒரே பாத்திரத்தில் உண்டார். நோய் தம்மைத் தொடுமுன்னரே, பிரசங்கத்தில் 'தொழுநோயாளராகிய நாம்' என்றே பேசினார். பின்னர் அது மெய்யாயிற்று. 1889 ஏப்ரல் 15 இல், 49 ஆவது வயதில், அந்நோயாலேயே இறந்தார். 2009 இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அவர் மொலோக்காய் சென்ற அதே 1873 இல் நோர்வே வைத்தியர் ஹன்சன் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். பரம்பரைச் சாபம் என்ற எண்ணத்துக்கு அதன்பின் இடமில்லை. 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சையும் வந்தது. இன்று ஆறு மாதமோ ஓராண்டோ ஒழுங்காக மருந்துண்டால் நோய் குணமாகும். ஹவாயின் பிரித்துவைக்கும் சட்டம் 1969 இல் நீங்கிற்று.

நம் நாட்டிலும் ஒல்லாந்தர் காலத்தில் ஹெந்தளையிலும், பின்னர் மட்டக்களப்பு வாவியின் மாந்தீவிலும் தொழுநோயாளருக்கென வைத்தியசாலைகள் எழுந்தன. அங்கும் நடுவே தண்ணீர்தான்!

கிருமிக்கு மருந்து கிடைத்துவிட்டது. ஆனால், குணமாகி வீடு திரும்பியவருக்குத் தனிக் கோப்பையில் தேநீர் கொடுக்கும் மனத்துக்கு எந்த வைத்தியசாலையில் மருந்துண்டு? அது நம் கையில்தான் இருக்கிறது. அவர் அருகில் அமர்ந்து, அவர் கையால் தரும் தேநீரை நாம் வாங்கிக் குடிக்கவேண்டும். மருந்து முடித்துவைத்த நோயின் மிச்சத்தை அந்த ஒரு செயலே தீர்க்கும்.