உறைஞ்ச ஃபில்டர்
செப்டம்பர் கடைசியில இமாச்சல்ல ஹம்ப்டா கணவாய் போயிருந்தோம். ராத்திரி, 100 கிராம்கூட வராத என் வாட்டர் ஃபில்டரைப் பையோட வெளிப் பாக்கெட்லயே விட்டுட்டுத் தூங்கிட்டேன். காலைல பாட்டில்ல ஐஸ். ஃபில்டர்ல தண்ணி வழக்கம்போல வந்தது. பயமே அதுதான்! உள்ளே இருப்பது 0.1 மைக்ரான் துளைகள் கொண்ட மெல்லிய குழாய் இழைகள். ஒருமுறை நனைந்தால் ஈரம் உள்ளேயே தங்கும். உறைந்து விரிந்தால் இழை வெடிக்கலாம். வெளியே ஒண்ணும் தெரியாது. எர்ரர் மெசேஜே வராத பக் மாதிரி. ஓடைக்கு மேலே ஆட்டு மந்தை வேற. மீதி ரெண்டு நாளும் கொதிக்கவெச்சுதான் குடிச்சோம். கேஸ் தீர்ந்து, கடைசி ராத்திரி சாப்பாடு பிஸ்கட். இப்போ ஃபில்டர் என் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளதான் தூங்குது. கூடவே குளோரின் மாத்திரையும் எடுத்துக்கிறேன். அந்தத் துளை வைரஸைத் தடுக்காது.