ஆடுவோர் நால்வரும் உவகை நான்கும்



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டத்தில் வீடியோ விளையாட்டைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றக்கூடும். அதனைக் கவிதைக்குப் பகையாகவே கருதுவோர் உளர். புத்தகத்தைப் பிடிக்க வேண்டிய கை கைப்பேசியைப் பிடித்துக்கொண்டதே என்னும் வருத்தம் சேலத்திலும் நாமக்கல்லிலும் கவியரங்குதோறும் ஒலிப்பது. வருத்தம் நியாயமானதே. ஆயினும் அது ஆட்டத்தைப் பார்க்கும் அளவிற்கு ஆடுவோனைப் பார்ப்பதில்லை. ஒரே ஆட்டத்தை நால்வர் ஆடினால் நால்வரும் ஒரே செயலைச் செய்வதாகக் கொள்ளலாகாது. இதனைப் புலவர்களைவிட நன்கறிந்தவர் எவர்? ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்வதும், அட்டநாகபந்தம், இரதபந்தம் என எழுத்துகளைக் கட்டங்களில் அடைப்பதும் விதிக்குட்பட்ட விளையாட்டுகளே. அவ்விளையாட்டைப் பரிசிலுக்காக ஆடியவர் உண்டு. சொல்லின் மூலைமுடுக்குகளைத் துருவிப் பார்க்க ஆடியவர் உண்டு. அவையோடு அளவளாவ ஆடியவரும், எதிரிப் புலவனைத் தலைகுனிய வைப்பதற்கென்றே ஆடியவரும் உண்டு.

ஆடுவோரை இனம்பிரித்துப் பெயரிடும் வழக்கம் தமிழ்ச் சிறுவர்களிடம் நெடுங்காலமாகவே இருந்து வருகிறது. தோல்வி நெருங்கியதும் ஆட்டத்தையே கலைப்பவன் அழுகுணி. விதியை மீறிவிட்டு மீறாதவன்போல் நடிப்பவன் கள்ளாட்டக்காரன். டச்சு வரலாற்றறிஞர் யோகான் ஹூயிசிங்கா 1938இல் வெளியிட்ட நூலில் இவ்விருவரையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். கள்ளன் விதியை மதிப்பதாகவாவது காட்டிக்கொள்கிறான். ஆதலின் ஆட்டத்தின் உலகம் குலையாமல் நிற்கிறது. கலைப்பவனோ அவ்வுலகையே உடைத்துவிடுகிறான். ஆதலின் கூட்டம் கள்ளனைவிட அவனையே மிகுதியாக வெறுக்கிறது. தெருவில் ஆடிய பிள்ளைகள் ஐரோப்பிய அறிஞரைப் படித்தா இதனைத் தெரிந்துகொண்டார்கள்?

மூன்றாவதாக ஒருவன் உண்டு. அவனே ஒப்புக்குச் சப்பாணி. சொல் இன்று காதுக்கு இதமாக இல்லை. ஆனால் அதன் உள்ளே இருக்கும் ஏற்பாடு அழகியது. அண்ணனோடு ஒட்டிக்கொண்டு வந்த சிறு பிள்ளையை விரட்டவும் முடியாது, கணக்கில் சேர்க்கவும் முடியாது. ஓடலாம், ஒளியலாம், பிடிபட்டாலும் ஆட்டமிழக்க வேண்டியதில்லை. இயலாதவனுக்கும் ஆட்டத்தில் இடம் தருவதற்கு உலக மொழிகளுள் எத்தனை தனிப்பெயர் வைத்திருக்கின்றனவோ! மேலும் ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஒருவன் பாய்ந்து வெட்டியே வெல்ல வேண்டும். மற்றவன் ஒன்றுக்கொன்று அரணாக நிறுத்தி அடைத்தே வெல்ல வேண்டும். ஒரே கட்டத்தின் இருபுறமும் இருவேறு மனநிலைகள் அமர்ந்திருக்கின்றன. பாறையிலும் கோயில் தளத்திலும் அக்கட்டங்களைக் கீறிவைத்த முன்னோர் ஆடுவோனின் இயல்பை அறியாதவர் அல்லர்.

கணினி யுகத்தில் இந்த இனப்பகுப்பைச் செய்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்டு பார்ட்டில். 1978இல் எசெக்சு பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்சா என்னும் மாணவர் தொடங்கிய பலர் கூடி ஆடும் கணினி விளையாட்டை, உடனிருந்து வளர்த்தவர் அவர். கவிஞர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு. அவ்விளையாட்டில் படமே கிடையாது. காடும் குகையும் கடற்கரையும் முழுக்க முழுக்கச் சொற்களால் எழுந்தவை. ஆடுவோன் வடக்கே போ என்று எழுதினால், வடக்கே காண்பது இன்னது என்று திரையில் எழுத்து தோன்றும், அவ்வளவே. அச்சொல்லுலகில் பல்லாண்டு உலவிய மூத்த ஆட்டக்காரர்கள், மக்கள் இதில் எதை நாடி வருகின்றனர் என்று தமக்குள் நெடுநாள் வாதிட்டனர். அவ்வாதத்தைத் தொகுத்து ஆராய்ந்த பார்ட்டில் 1996இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். நால்வகை ஆடுவோரை அவர் கண்டார். தமிழில் அவர்களை ஈட்டுவோர், தேடுவோர், கூடுவோர், தாக்குவோர் எனலாம்.

ஈட்டுவோர் புள்ளியும் பட்டமும் சேர்ப்பவர். தேடுவோர், அவ்வுலகம் எப்படி இயங்குகிறது, எந்தச் சுவருக்குப் பின்னால் எது உண்டு என்று துருவுபவர். கூடுவோருக்கு ஆட்டம் ஒரு திண்ணை. பேச ஆள் இருந்தால் போதும். தாக்குவோர் பிறரைத் துன்புறுத்துவதில் இன்பம் காண்பவர். சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களையும் இந்நால்வருக்கும் பார்ட்டில் அடையாளமாக்கினார். ஈட்டுவோருக்கு டைமன், புதையல் நாடுவதால். தேடுவோருக்கு ஸ்பேட், மண்ணைத் தோண்டுவதால். கூடுவோருக்கு ஆட்டின், அது நெஞ்சம் ஆதலால். தாக்குவோருக்குத் தமிழர் கிளாவர் என்று அழைக்கும் சின்னம். ஆங்கிலத்தில் அதன் பெயருக்குத் தடி என்பது பொருள். கட்டுரையின் உயிர்நிலை இப்பெயர்களில் இல்லை. நால்வரும் ஒருவரையொருவர் சார்ந்து வாழும் காட்டுயிர்களைப் போன்றவர் என்று அவர் காட்டியதில் இருக்கிறது. தாக்குவோர் பெருகினால் கூடுவோர் கலைவர். கூடுவோர் கலைந்தால் அவ்வுலகம் பாழ்படும்.

இவ்விடத்தில் தொல்காப்பியரை நினையாதிருக்க இயலாது. உவகை என்னும் மெய்ப்பாடு செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கின் வழித் தோன்றும் என்பது மெய்ப்பாட்டியல். செல்வத்தை ஈட்டுவோருக்கும், கல்விப் பயனாகிய அறிவு என்று உரைகாரர் விளக்கும் புலனைத் தேடுவோருக்கும் உரியதாகக் கொள்வதில் தடையில்லை. புணர்வு என்பது காதலர் கூட்டத்தையே குறிக்கும். அதனை நட்புக் கூட்டத்திற்கும் விரிப்பது சற்றே வலிந்து கொள்வதுதான். அவையில் இலக்கணம் வல்லோர் பொறுத்தருள்க. ஆனால் நான்காவதில் பொருத்தம் அறுந்துபோகிறது. அறுந்துபோவதே நன்று. தாக்குவோனுக்குத் தொல்காப்பியர் உவகையில் இடமே தரவில்லை. கொலையையும் அலைத்தலையும் அவர் வெகுளிக்குரிய காரணங்களாக வைத்தார்; தறுகண்மையைப் பெருமிதத்தில் வைத்தார். வீரம் வேறு, பிறர் நோவில் மகிழ்தல் வேறு என்னும் தெளிவு அது. எதிரே ஆடுபவன் சினந்து கொதித்தால்தான் தாக்குவோனுக்குச் சுவை; பிறனுடைய வெகுளியையே அவன் தன் உவகைக்கு உணவாக்குகிறான். மெய்ப்பாட்டியலைக் கற்ற ஒருவர் பார்ட்டிலுக்கு இதனைச் சொல்லியிருந்தால் அவர் வியந்திருப்பார்.

அந்த நான்காவது இடத்தில் தொல்காப்பியர் வைத்தது விளையாட்டையே. ஆறும் குளமும் சோலையும் ஆடி, ஊரெல்லை கடந்து போய் வருதல் என்று உரைகாரர் அதற்கு விளக்கம் தருவர். ஈட்டம் இல்லை, வெற்றி இல்லை, எல்லை கடந்து போய் வருவது மட்டுமே. சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை பிள்ளைகளுக்கு அந்த இடத்தை அளித்தவை பெருங்கிணறுகள். மேட்டிலிருந்து குதிப்பதும், அடிமண்ணை அள்ளி வந்து காட்டுவதும், கொல்லிமலையில் மேகம் இறங்குவதைப் படிக்கட்டில் ஈரத்தோடு அமர்ந்து பார்ப்பதும் அங்கே நிகழ்ந்தன. ஆழ்துளைகள் பெருகப் பெருகத் திறந்த கிணறுகள் பல வற்றின. நாடெங்கும் துளையிடச் செல்லும் ரிக் வண்டிகளின் ஊர் இதே சமவெளியின் திருச்செங்கோடு என்பது காலத்தின் விளையாட்டு. அவ்வண்டிகளோடு வடமாநிலங்களுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும் தொழிலாளி, இரவில் ஊரிலிருக்கும் பிள்ளையோடு கைப்பேசியில் லூடோ ஆடினால், அதில் காய் பழமாவது பொருட்டன்று. அவன் கூடுவோன்.

கிணறு போன பின் பிள்ளைகளுக்கு வாய்த்தது என்ன? நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் மதிப்பெண்ணுக்குப் பெயர் பெற்றவை. மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் அங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டனர். விடிவதற்கு முன் படிப்பு, நாள்தோறும் தேர்வு, தேர்வுதோறும் தரவரிசை. 2017இல் தமிழக அரசு பொதுத்தேர்வுகளில் முதல் மூவிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அறிவிப்பு போனதே தவிர வேட்கை போகவில்லை. இவ்வாறு ஆண்டு முழுவதும் ஈட்டுவோனாகவே பழக்கப்பட்ட ஒரு சிறுவன், விடுமுறைக்கு வீடு வந்ததும் கைப்பேசியை எடுத்துப் புள்ளி சேர்க்கிறான், படிநிலை ஏறுகிறான், நள்ளிரவு கடந்தும் வைக்க மறுக்கிறான். பெற்றோர் பதறுகின்றனர். அவனோ கற்பிக்கப்பட்டதையே செய்துகொண்டிருக்கிறான். பெற்றோர் உண்மையில் மறுப்பது ஈட்டும் மனத்தையன்று, ஈட்டப்படும் புள்ளி மதிப்பெண் பட்டியலில் ஏறாமையை. இதனை உரக்கச் சொல்ல எவருக்கும் துணிவு வருவதில்லை.

1997இல் நோக்கியா கைப்பேசியோடு வந்த பாம்பு விளையாட்டில் தொடங்கிய பழக்கம், 2016இல் இணையம் மலிந்தபின் இச்சமவெளியின் சிற்றூர்களையும் எட்டியது. பள்ளிபாளையத்து விசைத்தறியிலும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலும் உழைக்கும் இளைஞர்வரை பப்ஜி தெரிந்த பெயராயிற்று. நூறு பேரை ஒரு தீவில் இறக்கிவிட்டு எஞ்சி நிற்பவனை வென்றவன் என்னும் அவ்விளையாட்டு, தாக்குவோருக்கென்றே அமைந்ததாகத் தோன்றும். உற்றுப் பார்த்தால், நால்வர் கொண்ட அணியாக இறங்கிச் சுடுவதை மறந்து ஊர்க்கதை பேசுவோர் உண்டு. வண்டியொன்றைக் கண்டெடுத்துத் தீவின் மறுகரை எப்படியிருக்கிறது என்று பார்க்கப் போய் உயிரை விடுவோரும் உண்டு. 2020 செப்டம்பரில் நடுவணரசு பாதுகாப்பைக் காரணம் காட்டி 118 செயலிகளைத் தடைசெய்தபோது அதுவும் தடைப்பட்டது, 2021இல் வேறு பெயரில் மீண்டது, 2022இல் நீங்கியது, 2023இல் திரும்பியது. வந்ததும் போனதும் பேசப்பட்டன. ஆடியவர் யார் யார் என்பது பேசப்படவில்லை.

இத்தகைய ஆட்டங்களில் கவலைக்குரிய நுட்பம் ஒன்றுண்டு. எதிரே ஓடிவரும் எல்லோரும் மனிதர் அல்லர்; கணினியே இயக்கும் பொம்மைகளும் கலந்திருக்கும். புதியவன் எளிதாகச் சுட்டு வீழ்த்தி மகிழ்வதற்காக அவை விடப்படுகின்றன. இதுவும் ஒப்புக்குச் சப்பாணிதான், ஆனால் தலைகீழாகிவிட்டது. முன்பு சிறியவனுக்கு இரங்கி இடமளித்தனர். இங்கே புதியவனைப் போகவிடாமல் பிடித்துவைக்கப் பொய்வெற்றி ஊட்டப்படுகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப்பட்டியலில் விளையாட்டு அடிமைநிலை இடம்பெற்றிருப்பதை எண்ணுவோர், ஆடுவோனின் பலவீனத்தோடு இவ்வூட்டலையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பணம் வைத்து ஆடுவது தனிக்கதை. திருவள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். இணையவழி ரம்மியில் பொருளிழந்தோர் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் தமிழகத்தில் அடுத்தடுத்து வந்தபின், நீதியரசர் சந்துரு தலைமையிலான குழு 2022இல் அறிக்கை தந்தது. ஆளுநர் ஒருமுறை திருப்பியனுப்பிய சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமையால் ஆடப்படுவன என்று கூறி அவற்றின்மீதான தடையை நீக்கியது. பின்னர் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை பண ஆட்டம் கூடாது என்னும் விதியை மாநிலம் வகுத்தது; 2025 ஜூனில் நீதிமன்றம் அதனை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்களை நாடெங்கும் தடைசெய்யும் சட்டம் இயற்றியது. திறமையா, வாய்ப்பா என்று வழக்குமன்றம் ஆட்டத்தை எடைபோட்டது. அது அதன் கடமை. இழந்ததை மீட்க எண்ணி மேலும் வைப்பவனுக்கோ அந்த வினாவே பொருளற்றது. அவனிடம் ஈட்டுவோனின் வேட்கை மட்டும் எஞ்சி, உவகை நான்கும் ஒருங்கே போய்விட்டிருக்கின்றன.

இறுதியாக, இவ்வவைக்கே உரிய ஒரு செய்தி. 2023 ஜூலையில் கனடாவிலிருந்து விசை கேம்ஸ் என்னும் குழு வெளியிட்ட ஒரு வீடியோ விளையாட்டின் பெயர் வெண்பா. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை அது. தாயின் பெயர் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். பள்ளியில் அவன் கெவின் ஆகிவிடுகிறான். வெண்பாவிடம் அவள் தாய் தந்த சமையற்குறிப்பேடு இருக்கிறது. ஆனால் ஏடு கிழிந்தும் எழுத்து மங்கியும் போயிருக்கிறது. இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி ஏறும், புட்டுக் குழாயில் எதற்குமேல் எது என்று, அழிந்த வரிகளை ஆடுவோன் ஊகித்து நிரப்ப வேண்டும். ஏட்டுச்சுவடியின் சிதைந்த சீருக்குப் பாடம் தேடியவர்களுக்கு இது புதிய வேலையன்று. புள்ளி இல்லை, நேரக் கணக்கு இல்லை, சுடுவதற்கு எவரும் இல்லை, பிழைத்தால் மறுபடி மாவு ஊற்றலாம். 2024இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகம் முதற்படைப்புக்கான பாஃப்டா விருதை அதற்கு அளித்தது. தனிப்படைப்பாளர் விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும் அவ்வாண்டே கிட்டியது.

வெண்பா எழுத வல்லோர் பலர் இவ்வரங்கில் அமர்ந்திருக்கின்றனர். அந்த வெண்பாவை ஆடி முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது. வீட்டில் கணினி பழகிய பேரப்பிள்ளை எவரேனும் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கேட்கலாம். முதற்சில நிமிடங்கள் ஒப்புக்குச் சப்பாணியாக இருக்க நேரும்.