அழித்தெழுத முடியாத ஏடு



ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதற் பாடங்களுள் ஒன்று, பதிவேட்டில் எதனையும் சுரண்டி அழிக்கலாகாது என்பது. பிழை நேர்ந்தால் அதன்மேல் ஒற்றைக் கோடு கிழித்து, அருகே சரியானதை எழுதி, சிவப்பு மையால் சுருக்கொப்பம் இடவேண்டும். கோட்டின் அடியில் பழைய எழுத்தும் தெரியவேண்டும். அன்று இதனை வெறுஞ் சடங்கு என்றே எண்ணினேன்.

பின்னாளில் நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. பழைய மாணவர் ஒருவரின் பிறந்த தேதி, சேர்க்கைப் பதிவேட்டில் பிளேடால் சுரண்டித் திருத்தப்பட்டிருந்தது. விசாரணை வந்தது. பதிவேடு இருந்த அலமாரியின் சாவி எழுத்தரிடம் இருந்தது. ஆதலால் சந்தேகமும் அவர்மேலேயே விழுந்தது. "நான் தொடவில்லை, ஐயா" என்பதற்குமேல் அவரால் ஒன்றும் சொல்ல இயலவில்லை. அவரைக் காப்பாற்றியது, அம்மாணவர் பத்தாம் வகுப்பு எழுதிய ஆண்டில் தேர்வுத் துறைக்கு அனுப்பிய பெயர்ப்பட்டியல். அதிலேயே திருத்திய தேதிதான் இருந்தது. அந்த ஆண்டில் எங்கள் எழுத்தர் அப்பள்ளிக்கே வந்திருக்கவில்லை!

இன்று அத்தகைய எழுத்தர் வேலையைக் கணிப்பொறிக்குள் இயங்கும் செயற்கை நுண்ணறிவு 'ஏஜெண்டு'கள் செய்யத் தொடங்கியுள்ளன. கேட்ட கேள்விக்கு விடை சொல்வதோடு அவை நிற்பதில்லை. கோப்பைத் திறக்கின்றன, கடிதம் அனுப்புகின்றன, கணக்கை மாற்றுகின்றன. எந்த நேரத்தில், எவர் கட்டளையால், எந்தக் கோப்பில் என்ன செய்யப்பட்டது என்பதை வரிவரியாகக் குறித்து வைப்பதே தணிக்கைப் பதிவு.

அது ஏன் வேண்டும் என்பதை 2025 ஜூலையில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று காட்டுகிறது. ரெப்ளிட் என்னும் நிறுவனத்தின் நிரல் எழுதும் ஏஜெண்டு, எதனையும் மாற்றாதே என்ற கட்டளை இருந்தும், ஒரு வாடிக்கையாளரின் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. மீட்க வழியில்லை என்றும் சொல்லிற்று. பிறகு பார்த்தால், மீட்க முடிந்தது! நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். செய்தவனையே சாட்சியாகவும் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே பதிவு, ஏஜெண்டின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கவேண்டும். அதனை மாற்ற முடியாதபடி செய்யும் முறை எளியதே. ஒவ்வொரு வரியிலிருந்தும் கணிதமுறையால் கைரேகைபோன்ற ஒரு குறியைக் கணக்கிடுவர். அதன் பெயர் 'ஹாஷ்'. பெரிதும் வழங்கும் முறையில் அது 64 எழுத்துகளாக எழுதப்படும். முதல் வரியின் குறியை இரண்டாம் வரியோடு சேர்த்து இரண்டாவதன் குறியைக் கணக்கிடுவர்; இப்படியே சங்கிலியாகப் போகும். நடுவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் பின்வரும் குறிகள் எல்லாம் பொருந்தாமற் போய்விடும்.

இங்கே பலர் கவனியாத ஓர் ஓட்டை உண்டு. ஏடு முழுவதும் தன் வசம் உள்ள முதலாளி, நடுவரியை மாற்றிவிட்டுக் கடைசிவரை எல்லாக் குறிகளையும் புதிதாகக் கணக்கிட்டு வைத்துவிடலாமன்றோ? சங்கிலி அப்போதும் பொருந்தும். அதனாற்றான் பதிவை, குறைந்தது அதன் கடைசிக் குறியையாவது, அவ்வப்போது வெளியார் கையில் கொடுத்துவிட வேண்டும். கணிப்பொறியாளர் இதனை 'எக்ஸ்போர்ட்' என்பர். துறைமுகத்தை அடுத்து வாழும் எங்களூர்க்காரருக்கு ஏற்றுமதி என்றால் கப்பலில் பெட்டி ஏறுவதுதான் நினைவுக்கு வரும். ஒரு வகையில் அதுவும் பொருத்தமே. கரையை விட்டுப் போன பெட்டியை யாரும் இரவில் திறந்து மாற்ற முடியாது.

இந்த யோசனையை 1991இல் எழுதி வெளியிட்டவர்கள் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்னும் இருவர். அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995 முதல் வாரந்தோறும் தன் குறியை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் சிறு விளம்பரமாக அச்சிட்டது. நூலகந்தோறும் போய்ப் பழைய நாளிதழ்களை யாரால் திருத்த முடியும்?

கையைப் பிரித்து வைக்கும் இந்தச் சூட்சுமம் எங்கள் முத்துக்குளித்துறைக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில், மரிச்சுக்கட்டியில், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த சலாபத்துக்கு இக்கரையிலிருந்தும் குளிகாரர் போனார்கள். அங்கே சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பவர் குளிகாரர்; எந்தக் குவியல் அவருக்கு என்று காட்டுபவர் அரசு அலுவலர். பிரித்தவரே தேர்ந்துகொள்வதில்லை.

நம் நாட்டில், கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் கம்பெனிகள், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதியும், அப்பதிவை நிறுத்திவைக்க முடியாத மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நல்ல விதிதான், ஆனால் ஏடு அதே வீட்டிலேதான் இருக்கிறது என்பது என் குறை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டம் ஒரு படி மேலே போகிறது. அதன் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தருவோர் அதன் ஹாஷ் குறியையும் சான்றிதழில் எழுதித் தரவேண்டும்.

இவையெல்லாம் பின்னால் செய்யும் திருத்தத்தைத்தான் காட்டிக்கொடுக்கும். முதலிலேயே பொய்யாக எழுதிய வரி, முத்திரையோடு பொய்யாகவே நிற்கும். எங்கள் பள்ளிப் பதிவேட்டைச் சுரண்டியவர் யார் என்பதும் கடைசிவரை வெளிப்படவில்லை. அந்த எழுத்தரோ, ஓய்வு பெறும் வரையில், எந்தப் பட்டியலை அனுப்பினாலும் பெற்றுக்கொண்டவரின் கையொப்பமும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வந்ததில்லை.