நூலில் தொங்கும் கமரா

பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் துயில்கின்றார். ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான அவர், 1879 சனவரியில் டிக்கோயாப் பகுதியிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். மனித முகங்களை அருகிருந்து பார்த்தது அவருடைய கமரா. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1888இல், பிரான்சு தேசத்து ஆர்தர் பத்யூ என்பார் கமராவைப் பட்டத்திற் கட்டி வானில் ஏற்றினார். நிலத்தைப் பட்டத்தின் உயரத்திலிருந்து பார்க்கும் வழி அவ்வாறு திறந்தது.

ஆனால் பட்டத்தோடு பிணைத்த கமரா, பட்டம் தலையசைக்கும்போதெல்லாம் தானும் அசையும். படம் கலங்கிப் போகும். ஆகவே பின்வந்தோர், பட்டத்திற்குக் கீழே, அதன் நூலிலேயே கமராவைத் தொங்கவிட்டனர். அவர்களுள் பியேர் பிக்கவே என்பார் 1912இல் வகுத்த முறை எளியது, வீட்டிலேயே செய்யத்தக்கது.

ஒரு சாண் நீள மூங்கிற் சிலாகைகள் இரண்டைக் குறுக்காகக் கட்டி, நான்கு முனைகளிலும் வழவழப்பான சிறு வளையங்களைப் பொருத்துதல் வேண்டும். நடுவே, கீழ்ப்புறத்தில், சில விநாடிக்கொரு முறை தானே படமெடுக்கும் சிறு கமரா அமர்கின்றது. பட்டம் உயர ஏறி நிலைத்தபின், அதற்கு ஏறக்குறைய நூறடி கீழே, மூன்றடி இடைவெளியில் இரண்டு கொளுக்கிகளை நூலிற் பூட்டுவர். வேறொரு மெல்லிய நூல் முதல் முனையிலிருந்து மேற்கொளுக்கிக்கும், அங்கிருந்து இரண்டாம் முனைக்கும், பின் கீழ்க்கொளுக்கிக்கும் என மாறி மாறிச் சென்று, நான்கு முனைகளையும் தொட்டுத் தொடங்கிய இடத்திற்கே மீள்கின்றது. இரு நுனிகளையும் இணைக்கும் முடிச்சைத் தவிர வேறு முடிச்சு இல்லை. பட்டம் எழுந்தாலும் தாழ்ந்தாலும் நூல் வளையங்களில் வழுக்கி ஓடும். சட்டமோ மட்டமாகவே நிற்கும்.

வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பெரும் பட்டங்களை ஏற்றுவோர் காற்றின் போக்கை நன்கறிவர். மலைநாட்டுக் காற்று அத்துணை ஒழுங்குடையதன்று. பள்ளத்தாக்கிற் சுழலும், மேட்டிற் சீராக வீசும். எனவே மேட்டில் நின்று, முதலில் கமராவின் நிறைக்கு ஈடான மணல் முடிப்பை ஏற்றிப் பார்ப்பது அறிவுடைமை. மின்கம்பிகளின் அருகிலும், இடிமுழக்கம் கேட்கும் வேளையிலும் பட்டத்தை ஏற்றுதல் ஆகாது.

இதனால் விளையும் பயன் யாது? 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடிற்று. மண்சரிவை முன்னறிந்து கூறுவது வல்லுநர் பணி; பட்டத்துப் படம் அதனைச் செய்யாது. எனினும், ஒரே மேட்டிலிருந்து மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரு படங்கள், லயத்திற்கு மேலே புதிதாகத் தோன்றிய வெடிப்பையும் திசைமாறிய நீரோட்டத்தையும் காட்டக்கூடும். “அங்கே ஏதோ மாறியிருக்கின்றது” என்று வாயாற் சொல்வதைவிட, அதிகாரியின் மேசைமீது அப்படங்களை வைப்பது வலிமையுடையது.

தோட்டத்தை மேலிருந்து காட்டும் வரைபடம் நெடுங்காலம் துரைமாரின் பங்களாவிலேயே இருந்தது. இரண்டு மூங்கிற் சிலாகையும் ஒரு நூலும், அந்தப் பார்வையை லயத்து வாசலுக்கும் கொண்டுவருகின்றன.